அண்ணியின் அறைக் கண்ணாடி

மூன்று வருடமாகக் குப்பி அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியிருக்கிறாள், தலையணை உறை மாற்றியிருக்கிறாள், அடியில் உருண்டுபோன மாத்திரைகளைக் குனிந்து பொறுக்கியிருக்கிறாள். ஆனால் அதில் ஒரு நிமிடம்கூடப் படுத்ததில்லை. படுக்க இடம் இருந்தால்தானே? அவளுடைய அண்ணி, அதாவது கணவனின் அக்கா, இருபத்துநாலு மணி நேரமும் அதில்தான் கிடந்தார். அச்சகத்து மாடிப்படியில் சறுக்கி முதுகெலும்பு நொறுங்கிய நாளிலிருந்து அவருக்கு வீடு, வாசல், தெரு எல்லாமே அந்தக் கட்டில்தான்.

குப்பி என்பது கணவன் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த அன்றைக்கு ஒரு பெட்டி துணியும் இரண்டு பை நிறையக் காலி பாட்டில்களும் கொண்டுவந்து இறக்கியவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? ஜாம் பாட்டில், மருந்து பாட்டில், விளக்குக் கூண்டு, உடைந்த ஜன்னலின் கண்ணாடித் துண்டு, எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை துறுதுறுக்கும். கழுவித் துடைத்து, ஈயக்கம்பி போலத் தடித்து நிற்கும் கருப்புப் பசையால் கோடு இழுத்து, அது காய்ந்ததும் கோடுகளுக்கு நடுவே சிவப்பையும் நீலத்தையும் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பினாளானால், பெரிய மாளிகை ஜன்னலிலிருந்து பெயர்த்து எடுத்து வந்த வண்ணக் கண்ணாடி என்றுதான் எவரும் நினைப்பார்கள். பிளாஸ்டிக் டியூபிலிருந்து பிதுக்கிய பசை என்று சத்தியம் செய்தால்கூட நம்பமாட்டார்கள். நாலைந்து கடைக்காரர்கள் அவளிடம் விளக்குக் கூண்டும் பூச்சாடியும் மெழுகுவர்த்தி ஜாடியும் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு ஒரு தொழில் பழக்கம் இருந்தது. எந்தப் பொருளைச் செய்தாலும், அதை யார் எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்களோ அங்கே போய்த் தானும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அதுவரை இரண்டு மூன்று கட்டங்களை நிறம் நிரப்பாமல் வெறும் கண்ணாடியாகவே விட்டு வைப்பாள். பல் டாக்டர் ஒருவர் விளக்குக் கூண்டு கேட்டபோது, நோயாளி நாற்காலியில் மல்லாந்து, வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்துவிட்டுத்தான் கடைசி நிறத்தை முடிவு செய்தாள். டாக்டர் பாவம், பழக்க தோஷத்தில் கையுறையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று காலை அவள் அண்ணியின் கட்டிலில் படுத்ததும் இந்தப் பழக்கத்தால்தான்.

அண்ணியின் அறையில், கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. பழைய அலமாரியின் கதவில் இருந்தது. அலமாரி உளுத்துப்போனபோது கண்ணாடியை மட்டும் கழற்றி மாட்டினார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் குப்பிக்கு யோசனை வந்தது. நாள் முழுக்க வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற மனுஷி. இந்தக் கண்ணாடி முழுக்கக் கொடியும் பூவும் பறவையுமாக வண்ணம் பூசிக் கொடுத்தால் கண்ணுக்காவது ஒரு விருந்தாக இருக்கும். இதில் நல்ல மனசும் இருந்தது, கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்தது. எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

"அண்ணி, இந்தக் கண்ணாடியில பெயிண்ட் பண்ணித் தரட்டுமா? படுத்துட்டே பார்க்க நல்லாயிருக்கும்."

அண்ணி எதற்குமே உடனே பதில் சொல்பவர் அல்ல. இருபது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு வார்த்தையை நாலு தடவை பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்.

"கண்ணாடியைக் கழட்டணுமா?"

"ஆமா, படுக்க வச்சுத்தான் பூசணும். நிக்க வச்சா கலர் வழிஞ்சிடும்."

"எத்தனை நாளாகும்?"

"அஞ்சு நாள் அண்ணி. கோடு காய ஒரு நாள், அப்புறம் நிறம் ஒவ்வொண்ணா காயணும்."

"அஞ்சு நாளா," என்றார் அண்ணி. பிறகு, "சரி, உன் இஷ்டம்," என்றார்.

குப்பிக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. மனுஷிக்கு ஒரு சந்தோஷம் கிடையாதா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கூடத்து மேஜையில் படுக்கப் போட்டாள். ஐந்து நாள் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தாள். இலை இலையாகப் பச்சை விட்டாள். நிறத்தில் குமிழி வந்த இடத்தையெல்லாம் குண்டூசியால் குத்தி எடுத்தாள். நடுவில் ஒரு நீலப் பறவை. அதன் கழுத்தில் மூன்று விதமான நீலத்தை ஒன்றோடு ஒன்று கலந்தும் கலக்காமலும் நிறுத்தியிருந்தாள். அவள் கையில் அதுவரை அப்படி ஒரு கழுத்து வந்ததில்லை. பறவைக்குக் கீழே இருந்த பெரிய பூவில் இரண்டு இதழ்களை மட்டும் வழக்கம்போல வெறுமனே விட்டு வைத்தாள்.

ஆறாம் நாள் காலை, முகம் துடைக்கத் துண்டோடு போனவள், அண்ணியின் கண்கள் மேலே செருகியிருப்பதைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே சிக்கியவர்களை நிதானமாக இறக்கிவிடுகிறவன், அக்காவை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவதென்று தெரியாமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கியபோது அண்ணி காகிதம் மாதிரி லேசாக இருந்தார்.

"ஒருத்தர்தான் கூட வரலாமாம். நீ வீட்ல இரு, கூப்பிட்டா வா," என்று சொல்லிவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

எட்டு மாதமாகவே அண்ணி இளைத்துக்கொண்டு வந்தார். சிலநாள் தட்டைக் காலி செய்வார். சிலநாள் தொடக்கூட மாட்டார். என்னவோ ஏதோவென்று குப்பி பயந்துபோயிருந்தாள். பெரிய வியாதியின் பெயர் ஒன்று அவள் வாய்வரை வந்து வந்து திரும்பியது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அண்ணி திரும்பி வரும்போது கண்ணாடி மாட்டியிருக்கட்டும், பார்த்து ஒரு சிரிப்பாவது சிரிக்கட்டும் என்று, ஜன்னல் திரையை விலக்கி, ஸ்டூல் போட்டு ஏறி, மூச்சுப் பிடித்துக் கண்ணாடியைப் பழைய ஆணியில் மாட்டினாள். கீழே இறங்கினாள். கட்டில் காலியாக இருந்தது. பழக்கம் விடவில்லை. இரண்டு இதழுக்கும் என்ன நிறம் என்று பார்க்கலாமென, அண்ணியின் தலையணையில் தலை வைத்துப் படுத்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி தகதகத்தது. நிறம் பட்ட இடத்திலெல்லாம் எதிரே இருப்பது எதுவும் உருவமாகத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையுமாக வெறும் வெளிச்சம்தான். பறவையின் கழுத்தைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் கர்வம் வந்தது. பிறகு பார்வையை இறக்கி, வெறுமனே விட்டிருந்த இதழைப் பார்த்தாள்.

இதழுக்குள் கெட்டில் இருந்தது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. என்ன கெட்டில், யாருடைய கெட்டில் என்று பார்த்தாள். அவளுடைய கெட்டில்தான். மூக்கில் நசுங்கல் விழுந்த கெட்டில். காலையில் பதற்றத்தில் அடுப்பில் வைத்துவிட்டு மறந்தது. அடுப்பின் இடதுபக்க பர்னரில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் காய் நறுக்கும் பலகையின் ஒரு ஓரம். அதற்கு மேலே, இரண்டாவது இதழில், மிளகுத்தூள் டப்பா. அந்த டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துத்தான் அவள் தன் தங்கையோடு வீடியோவில் பேசுவாள். பேசும்போது அவள் முகம் இருக்கும் இடம் அதுதான்.

கட்டிலின் தலைமாடு இருக்கும் சுவரிலேயேதான் அறையின் கதவும் இருந்தது. அதனால் படுத்திருப்பவர் நேரடியாகக் கதவைப் பார்க்க முடியாது. கதவுக்கு வெளியே இரண்டடி நடை, அதைத் தாண்டினால் சமையலறை. அண்ணியால் எதையும் பார்க்க முடியாது என்று குப்பி மூன்று வருடமாக நம்பியிருந்தாள். நம்பினாள் என்றுகூடச் சொல்லக்கூடாது. அப்படி ஒரு கேள்வியே அவளுக்கு வந்ததில்லை. ஊரில் இருக்கிற நாற்காலியில் எல்லாம் போய் உட்கார்ந்து பார்த்தவள், சொந்த வீட்டில் இந்த ஒரு இடத்திலிருந்து மட்டும் பார்த்ததில்லை.

தூக்கிவாரிப் போட்டதுபோல எழுந்தாள். நடையைத் தாண்டிச் சமையலறைக்குப் போய் அடுப்பின் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடி எப்போதும் ஒரு மங்கலான பளபளப்புதான். அண்ணி தன் அறையில் திரையை மூடியே வைக்கச் சொல்வார், விளக்கும் போடவிடமாட்டார். இங்கே சமையலறையில் டியூப்லைட் பகலிலும் எரியும். இன்று அந்த அறைத் திரை விலகியிருந்தது. கண்ணாடியில், வெறும் இதழ் வழியாக, தலையணையில் அவள் தலை வைத்திருந்த பள்ளம் துல்லியமாகத் தெரிந்தது. மூன்று வருடம் அந்தப் பள்ளத்தில் ஒரு முகம் இருந்திருக்கிறது.

குப்பி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

என்னவெல்லாம் செய்தோம் என்று நினைவு அவளைக் கேட்காமலே வந்து நின்றது. தங்கைக்கு அண்ணி மாதிரி நடித்துக் காட்டியது. கழுத்தை மட்டும் தூக்கி, உதட்டைக் கோணலாக வைத்துக்கொண்டு, "உப்பு ஒரு சிட்டிகை கூட" என்று அண்ணி சொல்வதை அப்படியே செய்வாள். தங்கை போனில் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வாரம் தவறாமல். அண்ணி கூப்பிடும்போது காது கேட்காததுபோல நின்று பத்து எண்ணியது. அழுதது. மூக்கைச் சிந்திச் சுவரில் தேய்த்தது. இதெல்லாம் போகட்டும். எந்த மனுஷிதான் தனியாக இருக்கும்போது ஒழுங்காக இருக்கிறாள்? இதையெல்லாம் ஒரு பாட்டம் அழுது மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

ஆனால் அந்த சூப்.



எட்டு மாதம் முன்னால் நடந்தது. ஒரு ஓட்டல் முன்கூடத்துக்காக அவள் பன்னிரண்டு மெழுகுவர்த்தி ஜாடிகள் செய்திருந்தாள். வாங்க வந்த அம்மாள் அண்ணியையும் விசாரித்துவிட்டுப் போகலாமென்று ஒரு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே அறைக்குள் போனார். அண்ணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க கோடு சேரலை. சிவப்பு மஞ்சளுக்குள்ள கசிஞ்சிருக்கு. மத்ததையும் பாத்துக்கோங்க," என்றார். கருப்புக் கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒரு நிறம் அடுத்ததற்குள் புகுந்துவிடும். அது உண்மைதான். ஒரு ஜாடியில்தான் அப்படி. ஆனால் வந்த அம்மாள் முகம் மாறிப்போய், எல்லா ஜாடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வெறுங்கையோடு போய்விட்டார். பிறகு வரவே இல்லை.

பதினெட்டு நாள் வேலை. அண்ணிக்கு அது அச்சுப்பிழை. குப்பிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அடுப்பில் அண்ணிக்கான சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் ஊற்றினாள். உள்ளேயிருந்து அண்ணி, "சூப் ஆச்சா?" என்று கேட்டார். குப்பி குனிந்து அந்தக் கிண்ணத்துக்குள் துப்பினாள். கரண்டியால் கலக்கினாள். எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலின் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணி கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "வயிறு சரியில்லம்மா. கொட்டிடு," என்றார்.

கொட்டும்போது குப்பிக்கு உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. கடவுளே, அவர் குடிக்கவில்லை, நான் தப்பித்தேன் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம்கூட இல்லை. அன்றிலிருந்து அண்ணிக்கு எதைச் செய்தாலும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துப் பார்த்துச் செய்தாள். கண்ணாடிக்கு வண்ணம் பூசும் யோசனைகூட அந்தக் கணக்கில் வந்ததுதான். செய்தது அண்ணிக்குத் தெரியாது, தெரியாமலே ஈடு கட்டிவிடலாம் என்று இருந்தாள்.

இப்போது அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு அவள் எட்டு மாதத்தையும் திரும்பப் பார்த்தாள். அண்ணி சிலநாள் தட்டைக் காலி செய்தார், சிலநாள் தொடவில்லை. எந்த நாள் எது? இடதுபக்க பர்னரில் வைத்துச் செய்ததைச் சாப்பிட்டார். அந்த பர்னர் அடைத்துக்கொண்டு, ஒரு வாரம் வலதுபக்கத்தில் சமைத்தபோது தட்டு அப்படியே திரும்பி வந்தது. வெளியிலிருந்து வாங்கி வந்து, குளிர்பெட்டி ஓரமாக நின்று தட்டில் போட்டுக் கொடுத்ததைத் தொடவில்லை. வலதுபக்க அடுப்பும் அந்த ஓரமும் கண்ணாடியில் விழாது. "அக்காவுக்கு நாக்கு ருசி மாறிடுச்சு," என்று கணவன் சொல்வான். "மூடு," என்று குப்பி சொல்வாள்.

கண்ணாடி கூடத்து மேஜையில் கிடந்த இந்த ஐந்து நாள் அண்ணி என்ன சாப்பிட்டார்? விரல் விட்டு எண்ணினாள். வாழைப்பழம், தோலோடு. ஆரஞ்சு, தோலோடு. ஓடு உரிக்காத முட்டை ஒன்று. "நானே உரிச்சுக்கறேன், கொடு," என்றார். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். மூடி திறக்காத தண்ணீர். மற்றதெல்லாம் திரும்பி வந்தது. குப்பி அந்தத் தட்டுகளைக் கழுவும்போது என்ன நினைத்தாள் என்றால், பசியில்லை போலிருக்கிறது, நான் பூப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பார்த்தால் மனசு லேசாகும், பசிக்கும் என்று நினைத்தாள்.

அவள் அண்ணிக்குப் பரிசு கொடுக்கவில்லை. சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அதையும் நிறம் நிறமாகச் செய்தாள். இது புரிந்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. பேயறைந்தவள் மாதிரி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. கணவன்.

"என்னன்னு தெரியல குப்பி. ரத்தம் எல்லாம் பார்த்துட்டாங்க. ஒண்ணும் இல்லைங்கறாங்க. உடம்புல சத்தே இல்லையாம். வீட்ல என்ன சாப்பாடு கொடுக்கறீங்கன்னு டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்க்கறார்."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"அக்காதான் பதில் சொன்னா. என் தம்பி பொண்டாட்டி நல்லாத்தான் பார்த்துக்கறா, எனக்குத்தான் பசி இல்லன்னு. அதனால இப்ப வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கணுமாம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுத்தான் செய்வாங்களாம். அந்த முதுகைத் திருப்பறது கொஞ்சம் ஆபத்துதான், ஆனா வேற வழியில்ல, கையெழுத்துப் போடுங்கன்னு பேப்பரை நீட்டறாங்க."

வாயைத் திறந்தால் குடும்பம் போகும். திறக்காவிட்டால் அந்த முதுகைத் திருப்புவார்கள். இல்லாத வியாதியைத் தேடி உள்ளே போவார்கள். வியாதி இங்கே சமையலறைத் தரையில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள்.

"என்னது?"

"போடாதீங்க. போனை அண்ணிகிட்ட குடுங்க."

"இப்பவா? அவளே அரை மயக்கத்துல..."

"குடுங்கன்னு சொல்றேன்ல."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டு போனது. பிறகு மூச்சு.

"சொல்லும்மா," என்றார் அண்ணி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். வந்தது ஒன்றுதான்.

"அண்ணி, நான் உங்க கட்டில்ல படுத்துப் பார்த்தேன்."

அண்ணி போனிலிருந்து வாயைத் திருப்பி யாரிடமோ பேசுவது கேட்டது. "தம்பி, ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா. மூடி திறக்காம கொண்டு வா." அவன் போகும்வரை காத்திருந்தார் போலிருக்கிறது.

"கண்ணாடியை மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"அடுப்பு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணி." "அன்னிக்கு அந்த சூப்..."

"தெரியும். விடு."

"எப்படி அண்ணி விடறது? ஏன் ஒரு வார்த்தை கேக்கல? என்னை அடிச்சிருக்கலாம். அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உன்னை அனுப்பிடுவான். அப்புறம் கூலிக்கு ஒருத்தியை வைப்பான். அவ என்ன செய்வாளோ." அண்ணி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். பார்த்துட்டே இருந்தேன்ல. அன்னிக்கு அப்புறம் நீ ஒரு தடவைகூடச் செய்யல. அதையும் பார்த்தேன். ஆனா பார்க்காத சாப்பாடு இறங்க மாட்டேங்குது. தொண்டை மூடிக்குது. நான் வேணும்னு செய்யல."

"நான் கண்ணாடியைக் கழட்டினப்போ வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"எதுக்குன்னு கேட்டிருப்பியே. என்ன சொல்றது? அஞ்சு நாள்தானேன்னு பார்த்தேன். முடியல."

குப்பி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணி சமாதானம் சொல்லவில்லை. அவர் குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. சோர்வுதான் இருந்தது.

"அவர்கிட்ட நானே சொல்லிடறேன் அண்ணி."

"சொல்லு. ஆனா நான் வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லு. இப்ப சொன்னா அவனுக்குக் கை கால் ஓடாது. இங்க நாலு பேப்பர் பார்க்கணும், மருந்து வாங்கணும். நான் டாக்டர்கிட்ட சாப்பிடறேன்னு சொல்லிக்கறேன். சாப்பிட்டா கேமரா வேண்டாம்பாங்க. ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்க."

"அதுக்குள்ள நான் எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடறேன். பழையபடி வெறும் கண்ணாடியா ஆக்கிடறேன்."

"எல்லாத்தையுமா? பறவை போட்டிருக்கேன்னு சொன்னியே. நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கு அண்ணி."

"அப்ப ஏன் எல்லாத்தையும் எடுக்கற? பறவையைப் பார்த்துட்டும் படுத்திருக்கலாம்." அண்ணி யோசித்தார். வார்த்தைகளை நாலு தடவை பார்ப்பது குப்பிக்குக் கேட்டது. "நீ மறுபடி கட்டில்ல படுத்துப் பாரு. இடதுபக்க அடுப்பு முழுசாத் தெரியணும். பக்கத்துல பலகை. வலதுபக்க அடுப்பும் தெரியற மாதிரி கண்ணாடியைக் கொஞ்சம் சாய்க்க முடிஞ்சா சாய்ச்சிடு. உன் ரெண்டு கையும் தெரியணும். அந்த அளவுக்கு எடு, போதும்."

"மிளகு டப்பா இருக்கிற இடம்? அது இப்ப வெறுமனேதான் இருக்கு. விட்டுடவா?"

"உன் முகம் வர்ற இடமா?"

"ஆமா."

"அதைப் பூசிடு," என்றார் அண்ணி. "நல்ல அழுத்தமான நிறமாப் பூசு."

வண்டிச் சக்கரம் மறுபடி கீச்சிட்டது. தண்ணீர் பாட்டிலோடு கணவன் வந்துவிட்டான் போலிருக்கிறது. போன் துண்டிக்கப்பட்டது.

குப்பி எழுந்து முகத்தைக் கழுவினாள். பழைய பிளேடு ஒன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். கண்ணாடியின் ஒரு ஓரத்துக்குப் பின்னால் அட்டை செருகிச் சாய்த்ததும், இதழில் தெரிந்த அடுப்பு அங்கிருந்து நகர்ந்துவிட்டது. கட்டிலில் படுத்து, எங்கே அடுப்பு வருகிறது, எங்கே கை வருகிறது என்று கவனமாகப் பார்த்தாள். எழுந்து போய், சுரண்ட வேண்டிய இடத்தின் மேல் அடையாளமாகக் காகிதத்தை ஒட்டினாள். திரும்ப வந்து படுத்தாள். காகிதம் சரியாக இல்லை. எழுந்து போய் நகர்த்தினாள். இப்படிப் பதினொரு தடவை. கடைசியில் காகிதம் சரியான இடத்தில் நின்றபோது, அது பறவையின் கழுத்தின் மேல் நின்றது.

அவள் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, நீலத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.